இரவல் நிதானம்

விசாரணை அதிகாரி என்னைச் சாய்ந்து உட்காரச் சொன்னார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றேன்.

"ரொம்ப நேரம் ஆகும் சார்."

"ஆகட்டும்."

அவர் பெயர் பெனிட்டா. தூத்துக்குடிப் பெண். எனக்கு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். நிதான ஆணையத்தின் திருச்செங்கோட்டு அலுவலகத்தில் அவருக்கு ஒரு சிறிய அறை. ஜன்னல் வழியாக மலையின் ஒரு பக்கம் முழுவதும் தெரிந்தது. என் மகன் நிவினின் பைக்கிலிருந்து கழற்றிய கருவி மேசையின் மேல் இருந்தது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அதை என் கண்ணில் படும்படி வைத்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"சங்ககிரி ரோட்டுல நின்னுட்டிருந்த லாரி மேல உங்க பையன் மோதறப்ப வேகம் நூத்திப்பத்து," என்றார். "அந்த நேரத்துல அவர் நிதானமா இருந்தார்னு இந்தக் கருவி சொல்லுது. அதுதான் சார் பிரச்சினை."

பிரச்சினை எனக்கும் தெரியும். வக்கீல் சொல்லியிருந்தார்.

இருபத்தைந்து வயதுக்குக் கீழ் உள்ள ஆண்கள் ஓட்டும் வண்டி எதுவானாலும் அதில் நிதானக் கருவி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகின்றன. கைப்பிடியில் இருந்துகொண்டு நாடியையும் வியர்வையையும் பிடியின் இறுக்கத்தையும் அது பார்க்கும். தலைக்கவசத்தில் இருந்துகொண்டு மூச்சையும் தாடையையும் பார்க்கும். ஓட்டுகிறவன் கோபத்திலோ அவமானத்திலோ வீம்பிலோ இருக்கிறான் என்று தெரிந்தால் வண்டி முப்பதுக்கு மேல் போகாது. முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். பையன்கள் அந்தக் கருவிக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். குறை கண்டுபிடிப்பதோடு நிற்காமல் அதை ஊருக்கே சொல்லிவிடுகிறதாம்.

கருவி வந்த பிறகு சாவு குறைந்தது. அதனாலேயே சட்டம் இன்னொரு பக்கம் கடுமையானது. விளக்கு எரியாதபோது ஒருவன் வேகமாகப் போய் ஓர் உயிரை எடுத்தால், தெளிந்த மனதோடு தெரிந்தே செய்தான் என்று பொருள். பத்து வருடம் உள்ளே.

நிவினுக்கு இருபத்தொரு வயது. காலில் தகடு வைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். பைக்கில் அவன் பின்னால் உட்கார்ந்திருந்த சஞ்சீவ் அந்த இடத்திலேயே போய்விட்டான். சஞ்சீவ் எங்கள் எதிர்வீட்டு அர்த்தநாரியின் ஒரே மகன்.

"மெசின்லதான் தப்பு," என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"அதுக்கு நிதானம் சொல்லிக் குடுத்ததே நான்தானுங்க."

பெனிட்டா எழுதுவதை நிறுத்தினார்.

ஒவ்வொரு பையனின் அமைதியும் எப்படி இருக்கும் என்பதைக் கருவி முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்காக வீட்டுக்கு ஒரு மணிக்கட்டுப் பட்டை அனுப்புவார்கள். பையன் சில வாரம் அதைக் கட்டிக்கொண்டு வழக்கம்போல் இருக்க வேண்டும். அவன்தான் கட்டியிருந்தான் என்று வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போட்டால் போதும். நிவினுக்குப் பட்டை வந்த சமயத்தில் அவன் நல்ல நிலையில் இல்லை. கல்லூரியில் ஏதோ ஒரு பெண் விஷயம். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதான். கருவி அதைப் படித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று பதிவில் ஏறிவிடும். எங்கள் பக்கத்தில் இப்போது ஜாதகத்துக்கு அடுத்தபடியாகப் பெண்வீட்டார் கேட்பது அந்தப் பதிவைத்தான். "பையனுக்கு மஞ்ச எத்தன தடவைங்க எரிஞ்சுது?" என்று தரகர்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்கிறார்கள்.

ஆகவே பட்டையை என் கையில் கட்டிக்கொண்டேன். முழுக்கைச் சட்டைக்குள் அது வெளியே தெரியாது. என் மனைவி கலாமணிக்கு மட்டும் தெரியும்.

"இதுல மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க அம்மணி," என்றேன். "ரிக் வண்டி வெச்சு ஊரூரா போர்வெல் போடற தொழிலு என்னோடது. இந்த ஊர்ல யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. பாகப்பிரிவினைன்னாலும், நின்னுபோன கல்யாணம்னாலும் என்னத்தான் வந்து கூப்புடுவாங்க. நான் சத்தம் போட்டு ஒருத்தர் கேட்டதில்ல. அவன்கிட்ட இருந்தத விட நல்ல நிதானத்தத்தான் மெசினுக்குக் குடுத்திருக்கறேன். அந்த அளவ வெச்சுப் பாத்தா அவனுக்குக் கொஞ்சம் சூடு ஏறினாக்கூட அது புடிச்சிருக்கோணும். புடிக்கல. அப்ப மெசின்தான தப்பு?"

அவர் வாசலில் இருந்த உதவியாளரிடம் டீ சொன்னார். டீ வந்து, அவர் ஒரு வாய் குடித்த பிறகுதான் பேசினார்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு சார்?"

என் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. ராசிபுரத்திலிருந்து நிவினுக்காகப் பேசிக்கொண்டிருந்த பெண்வீட்டாரும் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்து மண்டப வாசலில் எல்லோரும் நின்றிருந்தோம். நிவினும் சஞ்சீவும் நிவினின் பைக்கை எடுத்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான் அவன் மஞ்சள் விளக்கோடு எங்கள் தெருவுக்குள் வந்திருந்தான். பெண்வீட்டார் பார்க்க அப்படி ஒன்று நடந்துவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அவன் பக்கத்தில் போய், "பொம்பளைங்க வேன்ல எடமிருக்குது, ஏறிக்க," என்றேன். அவ்வளவுதான்.

"சத்தமாவா?"

"நானா?"

"வேற யாருக்கும் கேட்டுச்சா?"

தங்கை மகன்களுக்குக் கேட்டிருக்கிறது. சிரித்தார்கள். அவர்கள் காரில் நிவினைத் தாண்டிப் போகும்போது, "மாமியாருக்கு வேன்ல சீட்டு போட்டு வெக்கறோம் மாப்ள," என்று ஒருவன் கத்தியிருக்கிறான். இதை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

பெனிட்டா டம்ளரை ஓரமாக வைத்தார். "நான் இந்த வேலைக்கு வந்ததுலருந்து பாக்கற விஷயம் சார் இது. ஒரு பையன் தனியா ஓட்டறப்ப ஒழுங்காத்தான் ஓட்டறான். பின்னாடி ஒரு ஃப்ரெண்டு உக்காந்தா கொஞ்சம் கூட்டறான். ரோட்டோரமா நாலு பேரு பாத்தா இன்னும் கூட்டறான். கெளம்பறப்ப வீட்ல ஒரு வார்த்தை வாங்கிட்டு வந்திருந்தா அப்புறம் அளவே கெடையாது. பல பேருக்கு ரோடு கண்ணுல படறதே இல்ல. சொன்னவங்க முகம்தான் படுது. அத நிறுத்தத்தான் இந்தக் கருவி."

"நிறுத்தலியே."

"அதத்தான் கேக்கறேன். முந்தின வாரம் மஞ்சள் எரிஞ்சுதுன்னீங்க. அப்ப கோவமா வந்தாரா?"

நினைத்துப் பார்த்தேன். "இல்லீங்க. ரெண்டு பேரும் பாட்டுப் பாடிக்கிட்டு வந்தாங்க."

"அதுக்கு முன்னாடி எப்பவாவது?"

"பரீட்ச பாஸ் பண்ணிட்டு வந்த அன்னைக்கு எரிஞ்சுது. மழ பெஞ்ச அன்னைக்கு ஒருக்கா. தொப்பலா நனஞ்சு சிரிச்சுக்கிட்டே வந்தான். வண்டிய நிறுத்துன்னு சொல்லி உள்ள அனுப்பிச்சேன்."

"சந்தோசமா இருந்தப்ப எல்லாம் எரிஞ்சிருக்கு."



அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். கோடுகள்தான் தெரிந்தன. "இது அந்தப் பட்டையில பதிவான அமைதி. இந்த வழக்கு வந்ததுலருந்து இதத்தான் பாத்துட்டிருக்கேன். மூச்சு நெஞ்சுக்குக் கீழ எறங்கவே இல்ல. நாடி ஒரே மாதிரி இறுகியிருக்கு. தூக்கத்துலகூட விரல் மடங்கித்தான் இருந்திருக்கு. இருபது வயசுப் பையனுக்கு இப்படி ஓர் அமைதியான்னு எனக்குப் புரியல. இப்பப் புரியுது." கொஞ்சம் தயங்கினார். "சார், நான் படிச்ச படிப்புல இதுக்கு அமைதின்னு பேரு இல்ல. இது கோவம். அடக்கி வெச்ச கோவம். இத நிதானம்னு கருவி கத்துக்கிச்சு. அதனால உங்க பையன் சிரிச்சப்பல்லாம் ஏதோ சரியில்லன்னு வெளக்கப் போட்டுது. அன்னைக்கு அவமானத்துல பொங்கிட்டு ஓட்டினப்ப, ஆளு சரியா இருக்கார்னு சும்மா இருந்துச்சு."

"நீங்க சின்னப் பொண்ணு," என்றேன். குரலை உயர்த்தவில்லை.

"ஆஸ்பத்திரியில உங்க பையன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். அப்பாவ நெனச்சுக்கிட்டா வெளக்கு எரியாதுன்னு. பாசத்துல சொல்றார்னு நெனச்சுட்டேன்."

எழுந்துகொண்டேன். கதவு வரை வந்தவர், இதை நான் வாயால் சொன்னால் மட்டும் போதாது, கருவி செய்த கம்பெனியின் வக்கீல்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். பொது விசாரணையில் நான் வந்து கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். அந்தப் பட்டையின் அமைதியும் என் அமைதியும் ஒன்றுதான் என்று அங்கே காட்ட வேண்டும். காட்டினால் நிவின் மேல் இருக்கும் 'தெரிந்தே செய்த மரணம்' போய்விடும்.

"வராமலும் இருக்கலாம் சார். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது."

பொது விசாரணை என்றால் ஊரே இருக்கும். விபத்தில் சம்பந்தப்பட்ட குடும்பத்தாரும் தெருக்காரர்களும் இருக்கிற இடத்தில்தான் நடத்த வேண்டும் என்பது விதி.

வீட்டில் என் மைத்துனர் காத்திருந்தார். சொன்னேன். வெகுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பத்து வருசம் போனா பையனுக்கு முப்பத்தொண்ணு," என்றார். "வெளிய வந்து பொழச்சுக்குவான். ஊர் முன்னால நீங்க போயி உக்காந்து, எனக்குள்ள இருக்கறது கோவம்னு காட்டிப்போட்டு வந்தீங்கன்னா, அப்பறம் எந்தப் பஞ்சாயத்துக்கு மச்சான் போவீங்க? மானம் போனா திரும்பாதுங்க."

இன்னொருவர் வீட்டு விவகாரமாக இருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். இதே குரலில், இதே மாதிரி நேராக உட்கார்ந்துகொண்டு.

கலாமணி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விசாரணைக்கு முதல் நாள் மாலை அர்த்தநாரி வந்தான். நான் முதல் ரிக் வண்டி வாங்கியபோது என்னோடு ஏறியவன். ஆந்திரா, ஒடிசா என்று இருபது வருடம் இருவரும் ஒரே வண்டியில் ஊர் சுற்றியிருக்கிறோம். வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"உள்ள வா அர்த்தநாரி."

"இல்லீங்கண்ணா. ஒண்ணு கேட்டுட்டுப் போயர்றேன்." கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தாடி வளர்ந்திருந்தது. "என்ற பையனக் கொன்னது உங்க பையனா, மெசினா? ஊர்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. உங்க பையன்னா உங்க பையன வையறேன். மெசின்னா மெசின வையறேன். யார வையறதுன்னு தெரியாம ராத்திரியில தூக்கமே வர்றதில்லீங்கண்ணா."

நாளைக்குத் தெரிந்துவிடும் என்றேன். சரிங்கண்ணா என்று போய்விட்டான். அவன் வீட்டு வாசலில் சஞ்சீவின் சொந்த பைக், காதுகுத்துக்குக் கிளம்பும்போது அவன் நிறுத்திய இடத்திலேயே நின்றது. பாதித் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. எடுக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை; அன்றிலிருந்து என் காரைத் தெருமுனையில்தான் நிறுத்திவந்தேன்.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது கட்டிலில் சட்டை தயாராக இருந்தது. அரைக்கைச் சட்டை. வெளியே போகும்போது நான் அதைப் போடுவதில்லை. கலாமணியைப் பார்த்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நேரமாகுது," என்றாள்.

போட்டுக்கொண்டேன்.

விசாரணை நகராட்சி மண்டபத்தில் நடந்தது. அங்கே எத்தனையோ கல்யாணத்தில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அன்று மேடையில் ஏற்றினார்கள். வண்டி இல்லாத வெறும் கைப்பிடி ஒன்றை இரும்புத் தாங்கியில் பொருத்தியிருந்தார்கள். தலைக்கவசம் ஒன்று. முன்னால், சபையைப் பார்த்தபடி, விளக்கு. நிவினைச் சக்கர நாற்காலியில் வைத்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். அவன் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு ஒரு பயம் இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள். அந்த நேரம் பார்த்து எனக்கு உண்மையிலேயே அமைதி வந்துவிட்டால் என்ன செய்வது? பட்டையோடு பொருந்தாது. பையன் உள்ளே போய்விடுவான். காலையிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"முதல்ல நிவினோட கருவியில இருந்த அளவு," என்று பெனிட்டா சபைக்குச் சொன்னார். "கைப்பிடியைப் பிடிங்க சார். எதுவும் செய்ய வேண்டாம். எப்பவும் இருக்கற மாதிரி இருங்க."

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பிடித்தேன். விளக்கு எரியவில்லை. மண்டபத்தில் யாரோ, "பாத்தீங்களா, மச்சான் மச்சான்தான்," என்றார்கள். என் மைத்துனராக இருக்கும்.

"இப்ப இவர் வயசு ஆளுங்களோட சாதாரண அளவு."

அவர் எதையோ அழுத்தினார்.

மேடையின் தரை மஞ்சளாகியது. என்னால் விளக்கைப் பார்க்க முடியாது. அது சபையின் பக்கம் திரும்பியிருந்தது. முன்வரிசையில் இருந்தவர்களின் வேட்டி, முகம் எல்லாவற்றிலும் அந்த நிறத்தைப் பார்த்தேன். நான் ஒன்றும் செய்யவில்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கம்போல் நேராக உட்கார்ந்திருந்தேன். அதுவே போதுமாக இருந்தது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். அவர் கோவையிலிருந்து வந்திருந்தார். "சபையில் உட்கார்ந்த பதற்றமாக இருக்கலாம். இவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் நிதானமானவர் என்றுதானே சொல்கிறார்கள்?"

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து அர்த்தநாரி எழுந்தான். அவனை யாரும் கேட்கவில்லை.

"பதட்டமில்லீங்க. எனக்குத் தெரியும். இருபது வருசம் அவருகூட வண்டியில போயிருக்கறேன். மத்த ரிக் வண்டியில எல்லாம் ஓனருங்க நாள் பூரா கத்துவாங்க. ஆளுக காதுல பஞ்ச வெச்சுக்கிட்டு நல்லாத் தூங்குவாங்க. எங்க அண்ணன் கத்தவே மாட்டாரு." மேடையைப் பார்த்தான். "எங்க வண்டியில யாரும் தூங்கமாட்டோம்."

யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள். அர்த்தநாரி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நிவின் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். அவன் பார்வையில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தீர்ப்பு அன்றே வந்தது. தெரிந்தே செய்தான் என்ற குற்றம் நீங்கியது. அவனுக்கு ஓட்டுநர் உரிமம் ரத்து. பொய்யாகக் கையெழுத்துப் போட்டதற்கு என் மேல் ஒரு வழக்கு. அது முடியும் வரை நான் ஓட்டும் வண்டியிலும் நிதானக் கருவி இருக்க வேண்டும் என்றார்கள். மண்டபத்துக்கு வெளியிலேயே என் காரில் பொருத்திக் கொடுத்தார்கள். என்னுடைய சொந்த அளவு வேண்டாம், சாதாரண அளவே இருக்கட்டும் என்று பெனிட்டா பொருத்துகிறவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. காரில் தலைக்கவசம் இல்லாததால் அதற்குப் பதிலாக மணிக்கட்டில் ஒரு பட்டையும் கட்டினார்கள். அரைக்கைச் சட்டையில் அது நன்றாகத் தெரிந்தது.

நிவினைப் பின் சீட்டில் காலை நீட்டி உட்காரவைத்தோம். கலாமணி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பியதுமே விளக்கு எரிந்தது.

எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவன் காரில் அந்த விளக்கை இந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. வண்டி முப்பதுக்கு மேல் நகரவில்லை. பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து தாண்டிப் போனது. அதில் தொங்கிக்கொண்டிருந்த பையன்கள் என்னைப் பார்த்து, "மாமியாரே, வழி விடுங்க," என்றார்கள்.

எங்கள் தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் நான் திரும்பவில்லை. நேராக மலையைச் சுற்றிப் போகும் சாலையில் விட்டேன். ஒரு சுற்று வருவதற்குள் அணைந்துவிடும் என்று நினைத்தேன். மூச்சை மெதுவாக விட்டேன். விரல்களைத் தளர்த்திப் பார்த்தேன். தளர்த்துகிறேன் என்று நினைத்தேனே தவிர அவை தளரவில்லை. அமைதியாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றும் போனேன். வெயில் மலையின் மறுபக்கம் போய்விட்டது. பின் சீட்டில் நிவின் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், தூக்கமா என்று தெரியவில்லை.

மூன்றாவது தடவை திருப்பம் வந்தபோது கலாமணி, "வூட்டுக்குப் போலாங்க," என்றாள்.

"இன்னொரு சுத்து."

"பாத்தா பாக்கட்டுங்க. பையனுக்குக் கால் வலிக்கும்."

திருப்பினேன்.

தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒதுங்கி நின்றார்கள். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் கேட்டுக்குள் காரைத் திருப்ப முடியாதபடி சஞ்சீவின் பைக் அதே இடத்தில் நின்றது. நிறுத்தினேன். விளக்கின் வெளிச்சம் அர்த்தநாரியின் வீட்டுச் சுவரில் விழுந்தது.

அவன் வெளியே வந்தான். விளக்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பின் சீட்டில் இருந்த நிவினை அதிக நேரம் பார்த்தான். வையப் போகிறான் என்று காத்திருந்தேன். வைதால் கேட்டுக்கொள்வதாகத்தான் இருந்தேன்.

அவன் பைக்கின் ஸ்டாண்டைக் காலால் தட்டி எடுத்தான். டயரில் காற்று இறங்கியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளி, தன் வீட்டுக் காம்பவுண்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினான். திரும்பி வந்து வழியைக் காட்டினான்.

"வாங்கண்ணா," என்றான். "மெதுவாவே வாங்க."

உள்ளே கொண்டுபோய் நிறுத்தினேன். கலாமணி நிவினை இறக்க உள்ளே ஆள் கூப்பிடப் போனாள். முதுகு வலித்தது. வெகு நாளாகவே வலித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். வண்டியை அணைத்தால் விளக்கும் அணைந்துவிடும் என்று நினைத்து அணைத்தேன். அப்படி இல்லை. கையில் பட்டை இருக்கும் வரை அது எரிந்துகொண்டுதான் இருக்கும் போலிருக்கிறது.